தலைக்கு வைத்த சாக்கு

“எந்த மரம்னு சொல்லுங்கம்மா” என்று தங்கராசு மறுபடியும் கேட்டபோதுதான், அது தனக்குத் தெரியாது என்பது லோகநாயகிக்கு உறைத்தது.

கேப்பர் மலையின் முந்திரி மரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே நின்றன. நின்றன என்றுகூடச் சொல்ல முடியாது. கிளைகளைத் தரையில் ஊன்றிக் குந்தியிருந்தன. ஒரு மரத்துக்கடியில் ஒரு குடும்பமே படுத்திருந்தாலும் வெளியே தெரியாது. செம்மண் பாதை ஒரு மரத்தைச் சுற்றி இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்று சற்றுத் தள்ளி மறுபடியும் பிரிந்தது. வரும்போது எந்தப் பக்கம் திரும்பினோம், ஓடும்போது எந்தப் பக்கம் ஓடினோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில் இருந்ததெல்லாம் கணவரின் முதுகு மட்டும்தான். வெளிர்நீலச் சட்டை, தோளில் துண்டு. அந்த முதுகுக்குப் பின்னால் நடந்தாளே தவிர, வழி என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

“ஒரு பள்ளம் இருந்திச்சி தம்பி. அத எறங்கி ஏறினதும்...”

“இங்க எல்லாமே பள்ளந்தாம்மா.”

தங்கராசு பால்காரர். திருவந்திபுரம் ரோட்டில் கேனோடு டி.வி.எஸ்.ஸில் வந்துகொண்டிருந்தவரை நடுரோட்டில் நின்று மறித்திருந்தாள். அவள் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, காலியாக வந்த ஓர் ஆட்டோவையும் நிறுத்தினார். ஆட்டோக்காரரும் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கி வந்தார். மூன்று பேரும் ஒவ்வொரு மரமாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். உதிர்ந்து கிடந்த பழங்கள் காலில் மிதிபட்டு வழுக்கின. அந்தப் புளித்த வாடைக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கூப்புடுங்கம்மா. பதில் வந்தா எந்தத் திக்குன்னு தெரிஞ்சிடும்.”

வாயைத் திறந்தாள். “என்னங்க” என்றுதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் கேட்டால் போதும் என்று பழகின குரல். அடுத்த மரத்தைக்கூட அது தாண்டவில்லை.

“பேரு என்னாம்மா?” என்றார் ஆட்டோக்காரர்.

அவள் தயங்கினாள். அப்படித் தயங்கியதற்காகப் பிறகு எத்தனையோ நாள் தன்னையே நொந்துகொண்டாள். “தட்சிணாமூர்த்தி” என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கூவினார்கள். அவளும் கூவினாள். யாரோ ஒரு பிள்ளையை அதட்டுவதுபோல இருந்தது அவளுடைய குரல். என்னா, பேரெல்லாம் சொல்ற என்று கோபித்துக்கொண்டு ஏதாவது ஒரு மரத்தடியிலிருந்து அவர் எழுந்து வந்துவிட்டால் போதும் என்றிருந்தது. கூவிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்தியது. அது அடங்கியதும் தோப்பு முன்னைவிட அமைதியாகிவிட்டது.

இந்த அமைதியைத் தேடித்தான் அவர் வந்தார்.

தட்சிணாமூர்த்தி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சர்க்கரை வந்திருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதும் எல்லாரையும்போல ஸ்டேடியத்துக்குத்தான் போனார். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து கிளம்பின இடத்திலேயே நிற்பதற்கு எதற்காக நடக்க வேண்டும் என்றார். பிறகு கடலூருக்குள்ளேயே, ஊர்ச்சத்தம் கேட்காத இடம் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப்போவது அவருக்கு ஒரு பித்தாகப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவார். லோகநாயகியும் கூடப் போயாக வேண்டும்.

கெடிலம் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நாணல் அடர்ந்த ஒரு திட்டு இருந்தது. மேலே பஸ் போவது வேறு எங்கோ போவதுபோலக் கேட்கும். வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில், எழுத்து தேய்ந்துபோன கல்லின்மேல் ஓணான்கள் வெயில் காயும். முதுநகரில் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் உப்பனாற்றைப் பார்த்தபடி ஒற்றைப் புன்னை மரம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்த அன்று, நிலம் வாங்கினவரைப்போல வீட்டுக்கு வந்தார். மகள் சுவாதி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனால்கூடத் தில்லைக்காளி கோயில் குளத்தங்கரை, யுனிவர்சிட்டிக்குள் ரயில் பாதையை ஒட்டிய மரத்தடிகள் என்று சுற்றிவிட்டு, காலெல்லாம் புழுதியோடு ஹாஸ்டல் வாசலில் போய் நிற்பார்கள். சுவாதிக்கு வெட்கமாக இருக்கும். அப்பாவுக்கு வேறு வேலையே இல்லையா என்பாள்.

லோகநாயகிக்கு அந்த இடங்கள் எல்லாமே பயம்தான். பாம்பு இருக்குமோ, குடித்துவிட்டு எவனாவது கிடப்பானோ, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவானோ என்று தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டுதான் நடப்பாள். அதை அவரிடம் அவள் சொன்னதில்லை. காரணம், வீட்டில் எண்ணி எண்ணிப் பேசுகிறவர் அங்கே போனால் வாயோயாமல் பேசுவார். சின்ன வயதில் பண்ருட்டியில் பலாப்பழம் திருடியது, ஆபீஸில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது, ஓய்வு பெற்றதும் எங்கே வீடு கட்டுவது என்பது எல்லாம் அந்த மரத்தடிகளில்தான் அவளுக்குத் தெரியவந்தன.

அவள் வரமாட்டேன் என்றது ஒரே ஓர் இடத்துக்குத்தான். சில்வர் பீச் சவுக்குத் தோப்பு. சுனாமி வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் அலைச்சத்தம் கேட்டால் அவள் வந்த வழியே திரும்பிவிடுவாள். அவர் வற்புறுத்தவில்லை. “அப்ப மேட்டுக்குப் போவோம். அங்க பயம் இல்ல” என்றார். கேப்பர் மலைக்கு வர ஆரம்பித்தது அப்படித்தான்.

அவரிடம் செல்போன் இருந்தது. நடக்கும்போது எடுத்து வரமாட்டார். அது கூடவே வந்தால் நாம் எங்கே போய் என்ன பிரயோஜனம் என்பார். இப்போது அது புதுப்பாளையத்து வீட்டில், டி.வி.க்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது.

அன்று காலையிலும் பேசிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். செத்த நேரம் உட்காரலாம் என்று ஒரு மரத்துக்கடியில் குனிந்து நுழைந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வேர்த்தது. இடது கையை வலது கையால் நீவிக்கொண்டே சாய்ந்தார். சாய்ந்தவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் பூத்தது. லோகநாயகி எழுந்தாள். ரோட்டுக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

“போவாத லோகா. இங்கயே இரு.”

ஓடிப்போய் ஓடி வந்துவிடுகிறேன் என்றாள். அவர் கண்ணைத் திறக்காமல், “இரு” என்றார். அவள் கிளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஓடினாள்.

மூன்று பேரும் கூவி ஓய்ந்த தோப்பில், “இங்க வாங்க” என்று ஒரு பெண்குரல் கேட்டது.

அவர்கள் தேடிக்கொண்டிருந்த திக்கில் இல்லை. நேர் எதிர்ப்பக்கம். தங்கராசு முதலில் ஓடினார். லோகநாயகி போய்ச் சேர்ந்தபோது, பொட்டு வைக்காத, சாயம்போன சேலை கட்டின ஒரு பெண் மரத்துக்கடியிலிருந்து வெளியே வந்து ஒதுங்கி நின்றாள். காலடியில் கொட்டை பொறுக்குகிற கூடை. அவள் லோகநாயகியைப் பார்த்தாள்.

உள்ளே அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. சட்டையின் மேல் பொத்தான்கள் கழற்றி விடப்பட்டிருந்தன. தலைக்கடியில் நான்காக மடித்த ஒரு சாக்கு இருந்தது.

ஆட்டோக்காரர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தங்கராசைப் பார்த்தார். “எதுக்கும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்” என்றார் தங்கராசு. இருவரும் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள். பின்னால் ஓடுகையில் லோகநாயகி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் சாக்கை எடுத்து உதறாமல் மடித்த வாக்கிலேயே இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சுவாதியைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். மார்பில் ஒயர்களை ஒட்டி, ஒரு காகிதத்தில் கோடு நேராகப் போவதைப் பார்த்துவிட்டு, எப்போது வலி வந்தது, யார் கூட இருந்தது என்று மெதுவாகக் கேட்டாள். லோகநாயகி வலி வந்ததை மட்டும் சொன்னாள். வாசலில் இருந்த போலீஸ்காரர் வந்து, அந்தத் தோப்புக்கு எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார்.

“நடக்க.”

“நடக்கவா?”

அவர் அவளுடைய கையையும் கழுத்தையும் காலையும் பார்த்தார். பாதத்தில் செம்மண்ணும் முந்திரிப்பழச் சாறும் அப்பிக் காய்ந்திருந்தன. அவள் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் எல்லாம் வந்துவிடும்போல இருந்தது. தங்கராசுதான் இடையில் புகுந்து, ரோட்டில் தன்னை மறித்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். சர்க்கரைக்குப் பார்த்த டாக்டரின் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு, போங்கம்மா என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் அவளை இன்னும் பயப்படுத்தியது.

வண்டியில் கணவரின் காலடியில் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது அவள் மனம் திரும்பத் திரும்ப அந்தச் சாக்கிலேயே போய் நின்றது. செத்துப்போனவன் தலைக்கு யாரும் சாக்கு மடித்து வைக்கமாட்டார்கள். கழுத்து வலிக்கும் என்று நினைத்தால்தான் வைப்பார்கள். அப்படியானால் அந்தப் பெண் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். அவளிடம் ஏதாவது பேசியிருப்பார். என்ன பேசியிருப்பார்? இருன்னு சொன்னேன், போயிட்டா என்றா?

மத்தியானத்துக்குள் சிதம்பரத்திலிருந்து திருநாவுக்கரசு வந்துவிட்டார். தட்சிணாமூர்த்தியின் அண்ணன். வழியில் ஹாஸ்டலில் சுவாதியை ஏற்றிக்கொண்டு, மனைவி ஞானாம்பாளோடு காரில் வந்து இறங்கினார். சுவாதிக்கு அடுத்த நாள் பரீட்சை. அவள் கையில் பேனா மை இன்னும் இருந்தது. அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தவள் அழவே இல்லை. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருநாவுக்கரசு அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள் அறைக்கு வந்து லோகநாயகிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னா நடந்திச்சும்மா?”

சொன்னாள். நடந்துகொண்டிருந்தோம், உட்கார்ந்தார், வேர்த்தது, சாய்ந்தார்.

“அப்புறம்?”

“ஆள் கூப்புடப் போனேன் மாமா.”

“தனியா வுட்டுட்டா?”

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

“கடைசியா எதனா சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லல மாமா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஊரில் நடக்க இடமா இல்லை, அந்தக் காட்டுக்கு ஏன் போனீர்கள் என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு எழுந்து போனார். கடலுக்குப் பயந்து நான்தான் மேட்டுக்கு வரவைத்தேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் எடுக்கிற வரைக்கும் கூடத்தில் ஞானாம்பாளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடிக்கும்போதெல்லாம், பாவம், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டாரே, ஒரு வாய் தண்ணி ஊற்ற ஆளில்லையே என்று முடித்தாள். அவள் பொல்லாதவள் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். கேட்கிறவர்களின் தலைகள் உள் அறைப் பக்கம் திரும்புவது சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே லோகநாயகிக்குத் தெரிந்தது.

பறைச் சத்தம் தெருமுனை திரும்பி கெடிலத்துப் பக்கம் போய் ஓய்ந்தது. திருநாவுக்கரசின் மகன்தான் கொள்ளி வைக்கப் போனான். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத் தரையில் சுவாதி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, அப்பா தனியாவா இருந்தாரு?”

லோகநாயகி வாயைத் திறந்தாள். சுவாதி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராது என்று தெரிந்ததும் எழுந்து பெரியம்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆள் கூப்பிடத்தானே போனேன் என்று லோகநாயகி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய்யில்லை. ஆனால் அந்த முகம் சாம்பலாக மாறியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாது என்று கால்கள் தாமாகவே எழுந்தன. உதவிக்கு ஓடினாளா, அவரைப் பார்க்க முடியாமல் ஓடினாளா? எத்தனை முறை கேட்டாலும் கால்கள்தான் முன்னால் ஓடின. இது யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஆண்கள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் டி.வி.எஸ். சத்தம் கேட்டது. தங்கராசு வந்திருந்தார். பின்னால் உட்கார்ந்து வந்தவள் இறங்கினாள்.

அதே சாயம்போன சேலை. தலையை மட்டும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். லோகநாயகி உள் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தங்கராசு திருநாவுக்கரசிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் அஞ்சம்மாள். தேவனாம்பட்டினத்துக்காரி. சுனாமிக்குப் பிறகு மலைமேல் வந்து தங்கிவிட்டாள். தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டு இருக்கிறாள், கீழே இறங்குவதே கிடையாது. இன்றைக்கு அவளாகவே வந்து, அந்த வீட்டைக் காட்டு என்று கேட்டாள்.

ஞானாம்பாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அஞ்சம்மாள் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இலையை மூடாமலே திரும்பிப் பார்த்தார்.

“நீங்கதான் மொதல்ல பாத்தீங்களா?” என்றார் திருநாவுக்கரசு.

“ஆமாங்க.”

“பாத்தப்ப உசுரு இருந்திச்சா?”

அஞ்சம்மாள் டீயை ஒரு மிடறு குடித்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை கூடத்தைத் தாண்டி, கதவிடுக்கில் இருந்த லோகநாயகியின் மேல் வந்து நின்றது. லோகநாயகி கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடு என்றும் சொல்லிவிடாதே என்றும் ஒரே நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“நான் போனப்ப இந்த அம்மா கூடத்தான் இருந்தாங்க” என்றாள் அஞ்சம்மாள். “அவுங்க மடியிலதான் தல வச்சிருந்தாரு. நான் பாக்கறப்பவே அடங்கிடுச்சி. நான் பாத்துக்கறேன், நீங்க ரோட்டுக்குப் போங்கன்னு சொல்லி நாந்தான் அவுங்கள அனுப்பினேன்.”

வாசற்படியில் நின்ற தங்கராசு அவளைப் பார்த்தார். மரம் மரமாகக் குனிந்து தேடியது அவருக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூவினதும் தெரியும். அவர் வண்டியின் கைப்பிடியில் இருந்த தூசியைத் துடைத்தார்.

“நீ ஏம்மா இத சொல்லல?” என்று திருநாவுக்கரசு உள் அறைப் பக்கம் திரும்பிக் கேட்டார். குரல் உடைந்திருந்தது. ஞானாம்பாள் எழுந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, மகராசன் உன் மடியிலயா போனாரு, அதக்கூட வாயத் தொறந்து சொல்ல முடியாம இருந்தியா என்று அழுதாள். கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நேற்றிலிருந்து வீட்டுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்ததுபோல எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

சுவாதி வந்தாள். அம்மாவைக் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மடி நனைந்து, நனைந்த துணி தொடையில் ஒட்டியது. லோகநாயகியின் கை மகளின் தலைமேல் இருந்தது. அதைத் தடவிக்கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. எடுக்கவும் பயமாக இருந்தது.

மகள் அழுது ஓய்ந்து கண்ணயர்ந்ததும் தலையை மெல்லத் தலையணைக்கு மாற்றிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள்.

அஞ்சம்மாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, தான் குடித்த தம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தேய்க்கச் சொல்லியிருக்கமாட்டார்கள். லோகநாயகி தண்ணீர் டிரம்முக்கு அருகில் போய் நின்றாள். சமையல்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அது நிற்கிறவரை காத்திருந்தாள்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“வேற என்னாத்த சொல்றது?”

“உசுரு இருந்திச்சா?”

அஞ்சம்மாள் தம்ளரின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்தாள். “இருந்திச்சி” என்றாள்.

அடுத்ததைக் கேட்காமல் உள்ளே போய்விடலாம். கேட்காவிட்டால் எல்லாம் இப்படியே இருந்துவிடும். கூடத்தில் இருப்பவர்கள் ஒரு கதையை நம்பிவிட்டார்கள், மகள் அழுது தூங்கிவிட்டாள். லோகநாயகி டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னா சொன்னாரு?”

“எதுவும் சொல்லலம்மா. கண்ணத் தொறக்கல.” அஞ்சம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் போயி ஒக்காந்ததும் கையப் புடிச்சிக்கினாரு. இறுக்கமாப் புடிச்சிக்கினாரு. நீங்கன்னு நெனச்சிக்கினாரு போல. நானும் இல்லன்னு சொல்லல.”

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கூடத்தில் அத்தனை பேருக்கும் நடுவில் பொய் சொன்னதும் இதே குரல்தான். இதே நிதானம்தான். இதுவும் பொய்யா என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று லோகநாயகிக்குத் தோன்றியது. பார்க்கத் துணிவு வரவில்லை. கீழே, அந்தக் கைகளைப் பார்த்தாள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டு உள்ளங்கை கறுத்திருந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து, கீழிருந்து புதுத்தோல் வெளுப்பாக எட்டிப் பார்த்தது.

டிரம்மில் குவளையை முக்கி, குனிந்து, அந்தக் கைகளின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள். சோப்பு நுரை கல்லின் மேல் வழிந்து போயிற்று. தம்ளர் எப்போதோ சுத்தமாகிவிட்டது. லோகநாயகி மறுபடியும் முக்கினாள், மறுபடியும் ஊற்றினாள். அஞ்சம்மாள் கையை எடுக்காமல் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.